அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பொய்

அந்தப் புத்தகம் அந்த வீட்டுக்கு வந்தது படிப்பதற்காக அல்ல, தூக்குவதற்காக.

லிப்ட் மெக்கானிக்கின் மனைவி பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவள். மேல் தட்டுகளில் அடுக்கியிருக்கும் துணியை ஏணியில் ஏறி எடுத்துப் போடும் வேலையை மற்ற பெண்கள் தட்டிக் கழிப்பார்கள். இவளுக்கு அது விளையாட்டு மாதிரி. கடையில் அவளுக்கு அணில் என்றே பெயர். ஒரு மத்தியானம் திரைத்துணிச் சுருள் ஒன்றை உருவும்போது ஏணியின் கால் வழுக்கியது. கல்லா மேசையின் விளிம்பில் முதுகு அடிபட்டுத் தரையில் விழுந்தாள். எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால்கள் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெக்கானிக் முன்னறையில் தெருப்பக்கமாக ஓர் இரும்புக் கட்டிலைப் போட்டார். காலையில் வேலைக்குப் போகும் முன் அவளைத் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவார். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் மறுபடி புரட்டிப் படுக்கவைப்பார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மச்சினன் அவரை முதுகுக்குப் பின்னால் ஊமைக்கோட்டான் என்பான். அவருக்கும் அது தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவ்வப்போது வந்து போனார். கால் சங்கதி வேறு, கையையும் சும்மா விட்டால் அதுவும் சோம்பேறி ஆகிவிடும் என்றார். தூக்கிப் பழக வீட்டில் தோதான எடை எதுவும் இல்லை. அடுத்த முறை வரும்போது, தன் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். முன்னட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. "படிக்கணும்னு இல்லம்மா. ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல தூக்கி இறக்குங்க, போதும்" என்றார்.

ஒரு வாரம் தூக்கி இறக்கினாள். பிறகு ஒருநாள் கை வலித்தபோது மார்பின்மேல் வைத்துத் திறந்து பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவள் புத்தகம் எதையும் முழுதாகப் படித்ததில்லை. இதைப் படித்தாள். ஒரு மரகத மாலை காணாமல் போகிறது. டெலிபோன் ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண் அதைத் தேடி ஒவ்வோர் இடமாக அலைகிறாள். ஊர்ப்பெயர், தெருப்பெயர் எல்லாம் நிஜமானவை. பெரும்பாலும் ஒருநாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர்கள்.

கடைசிப் பக்கத்தில் எழுதியவர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு வைத்திருந்தார். கதையில் வரும் ஆட்கள் எல்லாம் கற்பனை, ஆனால் ஐந்து இடங்களும் உண்மை. தான் நேரில் போய்ப் பார்த்து உள்ளது உள்ளபடி எழுதியிருப்பதாகவும், இல்லாத ஒரே ஒரு பொருளை மட்டும் இருப்பதாக எழுதியிருப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்தப் பொய் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு செப்புச் சிமிழை ஒளித்து வைத்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்கு வருகிறவருக்குக் கதையில் வரும் மரகத மாலை நிஜமாகவே பரிசு.

அன்று சாயங்காலம் மெக்கானிக் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"என்னங்க, போய்ப் பார்ப்போமா?"

போய்ப் பார்ப்போமா என்றதில் அவள் இல்லை என்பது அவளுக்கே சொன்ன பிறகுதான் உறைத்தது. "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று மாற்றிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். எப்போது வந்தாலும் சட்டையிலிருந்து ரொட்டி வாசனை அடிக்கும். கடைசிப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, அதில் இருந்த பதிப்பக எண்ணுக்குப் போன் போட்டான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. போனில் தேடிப் பார்த்தான். எழுதியவரைப் பற்றியும் ஒன்றும் இல்லை, புத்தகத்தைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

"அக்கா, இது எந்தக் காலத்துப் புத்தகமோ. பதிப்பகமே மூடிட்டுப் போயிட்டான்."

"பதிப்பகம் போனா என்ன? சிமிழுக்குக் கால் முளைச்சுப் போயிடுமா?"

"கிடைச்சாலும் மாலையை யார் குடுப்பாங்க?"

"குடுக்க வேணாம். அது அங்க இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

மச்சினன் மாமாவைப் பார்த்தான். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை.  விழுந்த நாளிலிருந்து அவள் தண்ணீர், போர்வை, மாத்திரை தவிர எதையும் கேட்டதில்லை. "வேன் அடுத்த ஞாயிறு சும்மாத்தானே இருக்கு மாப்ள?" என்று மட்டும் கேட்டார் மெக்கானிக்.

முதலில் போனது ஒரு ரயில் நிலையம். கதையில் அந்தப் பெண், பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து ரயிலுக்காக விடிய விடியக் காத்திருப்பாள். அங்கே பச்சை நிறக் கதவு, நீளமான மரப் பெஞ்சு, விரிசல் விட்ட நிலைக்கண்ணாடி, காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரம் என்று வரிசையாக எழுதியிருந்தது. மெக்கானிக் வாசலில் நின்று வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டார்.

"பச்சைக் கதவு இருக்கா?"

"இல்ல."

"கண்ணாடி?"

"கதவே கண்ணாடிதான்."

"ஐயோ, முகம் பாக்கற கண்ணாடி!"

அதுவும் இல்லை. மரப் பெஞ்சு இல்லை, எஃகு நாற்காலிகள் இருந்தன. எடை இயந்திரம் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. உள்ளே இருந்த பெண்கள் முறைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் மச்சினன் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். "போட்டோ எடுக்கறோம்னு போலீசைக் கூப்பிடப் போறாங்க மாமா."

வீடு திரும்பியபோது அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "ஒரு பொய்ய கண்டுபிடிக்கணும்னு போனா, எல்லாமே பொய்யாப் போயிருக்கு" என்றாள்.

மச்சினன் அதோடு விட்டது தொல்லை என்று நினைத்தான். அவள் விடவில்லை. வாரம் முழுவதும் யோசித்துவிட்டு, இடத்தைப் பார்த்துப் பயனில்லை, அந்த இடத்தில் ரொம்ப நாள் வேலை செய்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறு மறுபடி அதே ரயில் நிலையம். முன்பு அங்கே சுமை தூக்கிய ஒருவர் இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனைக் கொடுத்தார் மெக்கானிக். பச்சைக் கதவா? இருந்தது. பெஞ்சு? இருந்தது, அதில்தான் மத்தியானம் தூங்குவோம். கண்ணாடியில் விரிசல்? ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கோபத்தில் சாவிக் கொத்தை வீசி உடைத்தது. எடை இயந்திரம் எல்லோருக்கும் ஒரே எடையைத்தான் காட்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

"அப்ப ஸ்டேஷன் கணக்குத் தீர்ந்தது" என்றாள் அவள் போனில். அவள் குரலில் அப்படியொரு தெம்பை மெக்கானிக் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை.

இப்படியே இன்னும் இரண்டு இடங்கள் தீர்ந்தன. ஒன்று கோர்ட்டுக் கட்டடத்தின் தாழ்வாரம், மற்றொன்று ஒரு லாட்ஜ். நாலாவது ஒரு சினிமா தியேட்டர். அது மெத்தைக் கடையாக மாறியிருந்தது. உள்ளே நுழைந்ததும் டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்தார். தியேட்டரைப் பற்றிக் கேட்க வந்தோம் என்று சொல்ல மச்சினனுக்கு வெட்கம். "சும்மா பாக்கறோம்" என்றான். விற்பனையாளர் ஒவ்வொரு மெத்தையாகத் தட்டிக் காட்டிக்கொண்டே போனார். மூலையில் இருந்த ஒன்றின் முன்னால் நின்றார்.

"இது காத்து மெத்தை சார். உள்ள தானா காத்து மாறிக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குக் கூட முதுகுல புண் வராது."

மெக்கானிக் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அது மெல்ல மேலெழுந்து தாழ்ந்தது. கையை எடுக்காமல் நின்றார். விலைச் சீட்டைப் பார்த்த மச்சினன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். போன் அவன் கையில் இருந்தது, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அதை விடுங்க" என்றது போனுக்குள்ளிருந்து அவள் குரல். "பால்கனிக்குப் போற படி எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்க."

விற்பனையாளருக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பழச்சாறுக் கடைக்காரம்மா அந்தக் காலத்தில் டிக்கெட் கொடுத்தவர். பித்தளைக் கைப்பிடி, சுழல் படி, திரைக்கு மேலே பிளாஸ்டரில் செய்த இரண்டு மயில்கள், எல்லாம் இருந்தன என்றார்.

பாக்கி இருந்தது ஒரே இடம். ஓர் ஊரின் நகராட்சி நீச்சல் குளம். அவள் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வெள்ளிக்கிழமை மெக்கானிக் அவள் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கரண்டியிலிருந்து குழம்பு போர்வையில் சிந்தியது.

"ஜன்னல்ங்க! அவ பொம்பளைங்க டிரஸ் மாத்தற ரூம்ல ஜன்னல் ஓரமா நின்னு தெருவுல மழை பெய்யறதைப் பாக்கறான்னு எழுதியிருக்கான்."

"சரி."

"என்ன சரி? டிரஸ் மாத்தற ரூமுக்குத் தெருப்பக்கம் எவனாவது ஜன்னல் வைப்பானா? நானும் ஆம்பளை எழுதினது, விவரம் தெரியாம எழுதிட்டான்னு நினைச்சேன். தெரிஞ்சுதான் எழுதியிருக்கான். அதுதான் பொய்!"

மெக்கானிக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு தன்னையும் மீறிச் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிந்திய குழம்பைத் துடைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறு போனபோது குளம் மூடிக் கிடந்தது. தண்ணீர் இல்லாத தொட்டியில் சருகும் பிளாஸ்டிக் பையும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. முன்பு அங்கே நீச்சல் கற்றுக்கொடுத்த மாஸ்டர்தான் இப்போது காவலாள். தொப்பை விழுந்திருந்தாலும் தோள் இன்னும் அகலமாகவே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும், "லேடீஸ் ரூமையா பாக்கணும்? உள்ள உடைஞ்ச நாற்காலிதான் இருக்கு. இப்ப யார் வேணாப் பாக்கலாம்" என்று சாவியை எடுத்தார்.

உள்ளே நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. அவள் முகம் வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்று, பிறகு அணைந்தது.

தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் இல்லை. தரையிலிருந்து கூரை வரை வெள்ளை ஓடு பதித்திருந்தது. நடுவில், நெஞ்சு உயரத்தில், ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஓடு இல்லாமல் சிமெண்டுப் பூச்சு.

மெக்கானிக் அந்தப் பூச்சின்மேல் விரலை வைத்தார். "இங்க எப்பவாவது ஜன்னல் இருந்துச்சா மாஸ்டர்?"

"ஜன்னலா? நல்லாக் கேட்டீங்க. தெருவுல போறவன் எல்லாம் வரிசை கட்டி நின்னிருப்பான்."

"இந்தப் பூச்சு?"

"அது குழாய் வெடிச்சப்போ உடைச்சது. சுவரு பூரா ஈரம் ஏறிப் போச்சு. கொத்தனார் உடைச்சார்னா, உள்ள இருந்து ஒரு செப்பு டப்பா விழுந்துச்சு. சின்னது, மூடியில மீன் செதுக்கியிருந்துச்சு. திறந்தா ஒரு காகிதம், ஈரத்துல ஊறிக் கூழாயிருந்துச்சு. எவனோ வேண்டுதலுக்கு வச்சிருப்பான்னு பேசிக்கிட்டோம்."

மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். "அந்த டப்பா எங்க?"

"மேனேஜர் மேஜையில கிடந்துச்சு. குண்டூசி போட்டு வச்சிருந்தார். குளத்தை மூடினப்போ மேஜை, பீரோ, குழாய் எல்லாத்தையும் சேத்துப் பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுக் குடுத்துட்டாங்க. அதுவும் அதோட போயிருக்கும்."

"எவ்வளவு நாளாச்சு?"

மாஸ்டர் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துக் கைவிட்டார். "குழாய் வெடிச்சப்போ என் பொண்ணு ஸ்கூல் போயிட்டிருந்தா. இப்ப அவ பொண்ணு காலேஜ் போறா. ஏன், அது உங்க வீட்டுப் பொருளா?"

"இல்ல" என்றார் மெக்கானிக். "எங்க வீட்ல கேட்டாங்க."

வெளியே வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். மச்சினன் சாவியைப் போட்டான், ஆனால் திருகவில்லை. மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடுக்காதீங்க மாமா. முதல்ல என்ன சொல்லப் போறோம்னு பேசிக்குவோம்."

"நடந்ததைச் சொல்லுவோம்."

"சொல்லி? நீ சொன்னது சரிக்கா, ஆனா முடிஞ்சு போச்சுக்கா, இனிமே கூரையைப் பாத்துக்கிட்டுப் படுன்னா?"

"அவ கண்டுபிடிச்சிருக்கா மாப்ள. யாருமே கண்டுபிடிக்காததை."

"கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? நல்லா யோசிங்க. ஜன்னல் இருக்குன்னு சொல்லிட்டா, அவ நினைச்சது தப்பு. அவ்வளவுதான். மறுபடி தேடுவா. முதல்லருந்து படிப்பா. நாமளும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போவோம். வேன் இருக்கு, நான் இருக்கேன். என்ன குறைஞ்சு போச்சு?"

போன் நின்று, மறுபடி அடித்தது. மெக்கானிக் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பொய் சொல்லவும் வரவில்லை, மெய் சொல்லவும் வாய் எழவில்லை. மச்சினன் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"அக்கா... ஆமாக்கா, உள்ள சிக்னல் இல்ல... ஜன்னல் இருக்குக்கா. பெரிய ஜன்னல். மரச்சட்டம், நீலப் பெயிண்ட். பழசுதான், அப்பவே வச்சது. மாஸ்டர் சொன்னார்... ஆமா. தெருவெல்லாம் தெரியுது."

மறுபக்கம் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. பாத்து ஓட்டிட்டு வா" என்றாள்.

மச்சினன் கணக்குப் போட்டபடிதான் முதல் சில நாட்கள் போயின. அவள் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். ஆனால் முன்புபோல இல்லை. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அதற்கு முந்தைய பக்கத்துக்குப் போவாள். சைக்கிள் நிறுத்துமிடத்துக்காரருக்கு மறதியாக இருக்குமோ என்பாள். பழச்சாறுக் கடைக்காரம்மா பொய் சொல்லியிருப்பாரோ என்பாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் மெக்கானிக் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் புத்தகத்தை மூடி அதன் முனையால் தன் நெற்றியில் மெதுவாக இடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அவ்வளவு நிச்சயமா இருந்தேங்க. கண்ணை மூடினா அந்தச் சுவரு தெரியும், ஜன்னல் இல்லாத சுவரு. கால் போச்சு. இப்ப மூளையும் போயிட்டிருக்கு போல."

அன்று அவளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டும் நாள். மெக்கானிக் கட்டிலின் தலைமாட்டில் அகலமான பேசினை வைத்து, அவள் கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முடியை நனைத்து ஷாம்பூ போட்டுத் தேய்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"ஜன்னல் இல்ல" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். நுரை வழிந்து கண்ணில் இறங்கியதைத் துடைக்கக்கூட இல்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளை ஓடு, சிமெண்டுப் பூச்சு, கொத்தனார், மீன் செதுக்கிய மூடி, கூழான காகிதம். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே இல்லை.

"குண்டூசியா?" என்றாள் அவள். "அதுல குண்டூசி போட்டு வச்சிருந்தானா?"

"ஆமா."

அவள் சிரித்தாள். வயிறு குலுங்காத, தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. "அப்ப நான் சொன்னது சரி."

"சரிதான்."

"வேற யாரும் கண்டுபிடிக்கல?"

"யாரும் இல்ல. கொத்தனாருக்கும் என்னன்னு தெரியாது."

அன்று முழுவதும் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னாள். பிசியோதெரபிஸ்டுக்குப் போன் போட்டு, நீங்கள் எடைக்குக் கொடுத்த புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தாள். மெக்கானிக் சமையலறையில் பாத்திரம் கழுவியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

மறுநாள் காலை அவளைத் துடைக்கப் போனபோது, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள். சொன்னார். "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்தபோது அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கைப்பயிற்சிக்கு என்றார் அவர். வேண்டாம் என்றாள். அவர் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை தூக்கிவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவர் வாசலில் மெக்கானிக்கிடம், "கைத் தசையும் தளர ஆரம்பிச்சிருக்கு. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் வேலை முடிந்ததும் குளம் இருந்த ஊருக்கே போய் அங்கிருந்த பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினார். மூடியில் மீன் போட்ட ஒரு செப்புச் சிமிழ் என்று கேட்டார். எப்போது வந்தது என்று கேட்டவர்களிடம் அவர் பதிலைச் சொன்னதும் அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பொறுமையாக, "செம்பு எங்ககிட்ட ஒரு வாரம் தங்காதுங்க. உருக்கிடுவாங்க. இந்நேரம் ஏதோ ஒரு வீட்ல மின்கம்பியா ஓடிட்டிருக்கும்" என்றார். மெக்கானிக் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கிய துப்பறியும் கதைகள் ஒரு பை நிறைய இருந்தன. பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். அக்கா திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தான்.

"நான் சொன்னது பொய்தான்க்கா. ஆனா கெட்ட எண்ணத்துல சொல்லல."

"தெரியும். உக்காரு."

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"நல்ல பொய்டா அது" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். உங்க மாமாதான் கெடுத்துட்டார்."

மெக்கானிக் சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்தார். மச்சினன் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூளை போச்சுன்னு அழுதியே" என்றார் மெக்கானிக்.

"போச்சுன்னே நினைச்சிட்டுப் போறேன். தேடிட்டு இருந்திருப்பேன் இல்ல?"

மெக்கானிக் உள்ளே வந்தார். தட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் கொஞ்சம் சாப்பிட்டாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. பின்னாலேயே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"கட்டிலைத் திருப்பிப் போடுங்க ரெண்டு பேரும்" என்றாள். "சுவத்தைப் பாத்த மாதிரி."

"எதுக்குக்கா?"

"தெருவைப் பாக்கவே பிடிக்கல. எல்லாரும் எங்கயாவது போயிட்டே இருக்காங்க."

மச்சினன் தலைமாட்டையும் மெக்கானிக் கால்மாட்டையும் பிடித்துத் தூக்கினார்கள். அவளோடு சேர்த்துத் தூக்கியும் கட்டில் கனமாக இல்லை. அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மெதுவாகத் திருப்பி வைத்தார்கள். புத்தகப் பை கீழே விழுந்தது. மச்சினன் எல்லாவற்றையும் பொறுக்கி அலமாரியின்மேல் வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை டெலிவரி இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். வேன் உடனே புறப்படவில்லை. வெகுநேரம் வாசலிலேயே நின்றுவிட்டுப் போன சத்தம் கேட்டது.

மெக்கானிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து தரையில் உட்கார்ந்தார். முழங்காலை மடக்கினால்தான் இடம் போதும்.

"மறைக்காதீங்க" என்றாள் அவள்.

"சுவத்துல என்ன இருக்கு பாக்க?"

"ஒண்ணும் இல்ல. அதான் பாக்கறேன்."

அவர் நகரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, தன்னைப் பார்க்காமல் இருக்கத்தான் மூடிக்கொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. விளக்குப் போட வேண்டிய நேரம் வந்தும் அவர் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.